டாப் குவார்க்கின் எடையும் மச்சானின் சாவியும்

என் கணவரிடம் நான் சண்டை போட்டது நிறைய. கெஞ்சியது குறைவு. அப்படி ஒரு தடவை கெஞ்சியும் அழுதும் அவர் மசியாமல் போன கதை இது. அன்று அவர் மசிந்திருந்தால் என் பெயரில் ஒரு தவறான எண் உலகமெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும். எனக்கும் அது கடைசிவரை தெரிந்திருக்காது.

நான் பிறந்து வளர்ந்தது மாட்டுங்கா லேபர் கேம்ப். கல்யாணமாகி வந்தது தாராவி. நடந்தே போய்வரக்கூடிய தூரம் என்பதால் புகுந்த வீடு என்ற பயமெல்லாம் எனக்கு வாய்க்கவே இல்லை. கணவரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் குடும்பங்களில் அதுதான் வழக்கம். மச்சானுக்குத் தோல் பை தைக்கும் பட்டறை. கீழே பட்டறை, மேலே வீடு. காலையில் எழுந்ததும் முதலில் மூக்கில் ஏறுவது சொல்யூஷன் வாசனை. தோலை ஒட்டும் பசைக்கு அங்கே அதுதான் பெயர். கல்யாணமான புதிதில் தலைவலிக்கும். இப்போது அது இல்லாத இடத்தில்தான் எனக்கு ஏதோ குறைகிறது.

எனக்கு வேலை நகரத்தின் தெற்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில். ஒப்பந்த வேலைதான், வருஷத்துக்கு வருஷம் நீட்டிப்பார்கள். வேலை என்னவென்று மாமியார் வீட்டில் கேட்டபோது, "எடை போடுத வேலை" என்று சொல்லிவைத்தேன். பொய்யில்லை. நான் எடை போட்டது டாப் குவார்க் என்ற துகளை. இதுவரை மனிதன் கண்டுபிடித்திருக்கும் அடிப்படைத் துகள்களில் இதுதான் மிகவும் கனமானது. அணுவுக்குள் இருக்கும் புரோட்டானைவிடச் சின்னது என்று நம்பப்படும் இந்தத் தம்மாத்துண்டு சமாச்சாரம், கிட்டத்தட்ட ஒரு முழுத் தங்க அணுவின் எடை இருக்கும். ஏன் இவ்வளவு கனம் என்று யாருக்கும் தெரியாது. இதன் எடையைத் துல்லியமாகத் தெரிந்துகொண்டால், இந்தப் பிரபஞ்சம் நிலையானதா அல்லது என்றைக்காவது சரிந்துவிடக்கூடியதா என்ற கணக்கையே போட்டுப் பார்க்கலாம். இதை மச்சானிடம் சொன்னபோது அவர் தோல் வெட்டிக்கொண்டிருந்தார். "அப்ப பாத்து அளந்துக்கோ" என்றார்.

தராசில் வைத்து அளக்க அது நிற்காது. ஐரோப்பாவில் பூமிக்கடியில் பெரிய வளையத்துக்குள் புரோட்டான்களை மோதவிடுவார்கள். டாப் குவார்க் பிறக்கும், பிறந்த கையோடு சிதறிவிடும். சிதறிய துண்டுகள் சுற்றியிருக்கும் கருவியில் போய் முட்டும். முட்டிய வேகத்தையும் திசையையும் கூட்டிக்கழித்து, உடைவதற்கு முன்னால் அது என்ன எடை இருந்திருக்கும் என்று பின்னோக்கிப் போக வேண்டும். துண்டுகளில் ஒன்று கருவியில் முட்டாமலே தப்பித்துப் போய்விடும். மற்றவையெல்லாம் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்த்து, காணாமல் போன அந்த ஒன்றைக் கண்டுகொள்ள வேண்டும். இப்படி லட்சக்கணக்கான சிதறல்கள். விவரங்கள் கணினி வழியாக எங்களுக்கு வந்துவிடும். தாராவியில் உட்கார்ந்துகூட அளக்கலாம், கரண்ட் இருந்தால்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கென்றே ஒரு தவறு உண்டு. விடை எதிர்பார்த்த இடத்தில் வராவிட்டால் எங்கே பிழை, எங்கே பிழை என்று குடைந்து தேடுவோம். எதிர்பார்த்த இடத்தில் வந்துவிட்டால் தேடுவதை அத்தோடு விட்டுவிடுவோம். யாரும் வேண்டுமென்று ஏமாற்றுவதில்லை. மனசு அப்படி. அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அளந்து முடிக்கும்வரை விடையை எங்களுக்கே காட்டுவதில்லை. கணினி உண்மையான விடையோடு ஒரு ரகசிய எண்ணைச் சேர்த்து, பொய்யான விடையைத்தான் காட்டும். வழிமுறையெல்லாம் சரி என்று பரிசோதகர்கள் ஒப்புக்கொண்ட பிறகு, எல்லோர் முன்னிலையிலும் அந்த ரகசிய எண்ணை நீக்குவோம். இதைப் பெட்டி திறப்பது என்போம். திறந்த பிறகு வருவது எதுவானாலும் அதை மாற்றக் கூடாது.

அந்த ரகசிய எண் ஒரு சொல்லிலிருந்து பிறக்கும். அளவையோடு சம்பந்தமில்லாத யாராவது ஒருவர் ஏதாவது ஒரு சொல்லைக் கணினியில் தட்ட வேண்டும். கணினி அதை அரைத்து எண்ணாக்கி ஒளித்துக்கொள்ளும். மறுபடி அதே சொல்லைத் தட்டினால்தான் பெட்டி திறக்கும். என் முறை வந்தபோது, சம்பந்தமில்லாதவர் என்று யாரைத் தேடிப் போவது? வீட்டிலேயே ஒருவர் இருந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து, பை தைக்கும் காரிகர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு இறங்கினேன்.

"மச்சான், இதுல ஏதாவது ஒரு வார்த்தை அடிங்க. என்ன அடிச்சீங்கன்னு எங்கிட்ட சொல்லக் கூடாது."

"பாஸ்வேர்டா?"

"அப்படித்தான் வச்சுக்கோங்க. பெட்டி திறக்குத அன்னைக்கு நீங்களே மறுபடி அடிக்கணும். அதுவரைக்கும் ஞாபகம் வச்சிருக்கணும்."

"நடுவுல நீ கேட்டா?"

"நான் கேட்டாலும் சொல்லாதீங்க."

"அழுதா?"

"அழுதாலும்."

"சண்ட போட்டா?"

"மச்சான், மொதல்ல அடிங்க."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். ஒற்றை விரலால் டொக் டொக்கென்று தட்டினார். முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் என்னைத் திரும்பவிடவில்லை. என்னவென்றால், அவர் விரலில் சொல்யூஷன் ஒட்டியிருந்திருக்கிறது. கறை பட்ட எழுத்துகளைப் பார்த்து நான் கண்டுபிடித்துவிடுவேனோ என்று, ஒரு துணியை எடுத்து கீபோர்டு முழுவதையும் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஆள் இதை இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. வேலையில் மூழ்கினால் எனக்குச் சோறு தண்ணீர் மறந்துவிடும். மத்தியானம் பட்டறையில் மெஷின் நின்றதும் மச்சான் எப்போதும்போல "சாப்டியா" என்று ஒரு மெசேஜ் தட்டுவார். தாராவியில் பிறந்து ஹிந்தியில் படித்தவர். தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வரும். நான் பார்ப்பேன், பிறகு பதில் போடலாம் என்று வைப்பேன், அப்படியே போய்விடும்.

அளவை ஒரு வழியாக முடிவுக்கு வந்த சமயத்தில் நிரந்தர வேலைக்கு நேர்முகத்தேர்வு அறிவித்தார்கள். ஒப்பந்தம் முடிய இருந்தது. இது தவறினால் நான் மூட்டை கட்ட வேண்டியதுதான். போட்டிக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் முடிந்த வேலை இருக்கும். என்னிடமும் ஓர் எண் இருக்க வேண்டும். பெட்டியைத் திறக்க ஒரே ஒரு பரிசோதகரின் சம்மதம்தான் பாக்கி. அவர் எங்கள் குழுவிலேயே இருக்கும் மாட்டுங்காக்காரர்.

பாலக்காட்டுப் பூர்வீகம், மாட்டுங்காவில் மூன்றாம் தலைமுறை, என் வயதுதான். குறை கண்டுபிடிப்பதற்கென்று எங்கள் குழு அவரை நியமித்திருந்தது. நியமிக்காவிட்டாலும் அதைத்தான் செய்திருப்பார். ஹோட்டலில் சர்வர் பில் வைத்தால் கூட்டிப்பார்க்காமல் எழுந்திருக்க மாட்டார். நான் சயானில் ஏறும் ரயிலில்தான் அவர் அடுத்த ஸ்டேஷனில் ஏறுவார். நான் லேடீஸ் கம்பார்ட்மென்ட் என்பதால், ரயில் முடியும் வி.டி.யில் இறங்கி, பஸ் க்யூவில்தான் ஒருவரையொருவர் பார்ப்போம்.

"ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்கப்படாது" என்றார் அந்தக் காலையில்.

"இப்படி ஆரம்பிச்சா தப்பாத்தான் எடுத்துக்குவேன். கேளுங்க."

"வருஷவாரியா பிரிச்சுப் பாத்தேள், சரி. வேகவாரியாவும் பாத்தாச்சு. டிடெக்டரோட ரெண்டு பக்கத்தையும் தனித்தனியா பாத்தேளா? இந்தப் பக்கம் விழுந்தது ஒண்ணா, அந்தப் பக்கம் விழுந்தது ஒண்ணா?"

"எதுக்கு?"

"சும்மா தோணித்து."

அந்த 'சும்மா தோணித்து' என்னை அப்படியே பற்ற வைத்துவிட்டது. அவருக்குச் சும்மா தோன்றியதற்கு நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். நேர்முகத்தேர்வு அதற்குள் வந்துவிடும். பஸ் வந்தது; நான் அவருக்குப் பக்கத்தில் உட்காராமல் முன்னால் போய் உட்கார்ந்தேன். வழியெல்லாம் வாய்க்குள் திட்டிக்கொண்டே போனேன். இந்த மனுஷன் என் சோற்றில் மண்ணைப் போடவே பிறந்திருக்கிறார் என்று அன்றைக்கு உறுதியாக நம்பினேன்.

அப்போதுதான் மச்சானின் ஞாபகம் வந்தது. விடையை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். மற்ற குழுக்கள் ஏற்கெனவே அளந்து வைத்திருக்கும் எடைக்குப் பக்கத்தில் இருந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம்; மாட்டுங்காக்காரரிடம் தைரியமாகச் சண்டை போட்டுச் சம்மதம் வாங்கிவிடலாம். கணினியின் பூட்டை உடைத்தும் பார்க்கலாம்தான், ஆனால் உடைத்தது எல்லோருக்கும் தெரிந்துவிடும். சாவி போட்டுத் திறந்து மூடினால் யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் நேராகப் பட்டறைக்குள் போனேன். "மச்சான், அந்த வார்த்தை என்ன?"

அவர் பைக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "எல்லாரும் பெட்டி திறக்கப் போறீங்களா?"

"இல்ல. எனக்கு மட்டும் ஒரு தடவ பாக்கணும்."

"அப்ப சொல்ல மாட்டேன்."

நேர்முகத்தேர்வைச் சொன்னேன். மாட்டுங்காக்காரரைச் சொன்னேன். வேலை போனால் என்ன ஆகும் என்று சொன்னேன். நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. மெஷினில் இருந்த காரிகர்கள் இருவரும் நைசாக டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்கள்.

"நீதான சொன்ன, அழுதாலும் சொல்லாதீங்கன்னு."

"அது அப்ப!"

"அப்ப நீ தெளிவா இருந்த. இப்ப கோவத்துல இருக்க. நான் யார் பேச்ச கேக்கட்டும்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஜையில் இருந்த ஜிப் கட்டை அப்படியே தள்ளிவிட்டு மேலே போய்விட்டேன். உங்களுக்கு என் வேலையைவிட உங்கள் வார்த்தை பெரிதாகப் போய்விட்டது என்று படியில் நின்று கத்தினேன். அடுத்த சில நாள் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. சோறு போட்டால் டங்கென்று வைத்தேன். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார். மத்தியானம் மெசேஜ் மட்டும் நிற்கவில்லை. எனக்கு அதைப் பார்த்தாலே எரிந்தது.

வேறு வழியில்லாமல் மாட்டுங்காக்காரர் கேட்டதைச் செய்ய உட்கார்ந்தேன். பெட்டி மூடியிருக்கும்போதும் இந்தச் சோதனை செய்யலாம். இரண்டு பக்க விடைகளிலும் ஒரே ரகசிய எண்தான் ஒளிந்திருக்கிறது. எடை தெரியாவிட்டாலும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். வித்தியாசம் ஒன்றும் இருக்காது என்று காட்டி, அந்தத் தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டுவதாகத்தான் நினைத்திருந்தேன்.

ஒரு பக்கத்து டாப் குவார்க் மறுபக்கத்தைவிடக் கொஞ்சம் கனமாக வந்தது.

மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அப்படியே. டாப் குவார்க்குக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்றெல்லாம் கிடையாது. அது எங்கே விழுந்தாலும் ஒரே எடைதான். அப்படியானால் அளக்கிற எங்களிடம்தான் கோளாறு. கருவிக்கு வயதாக ஆக, துண்டுகள் முட்டும் பாகங்கள் மங்கிப்போகும். எவ்வளவு மங்கியதோ அவ்வளவைக் கணக்கில் கூட்டிக்கொள்ள ஒரு திருத்தப் பட்டியல் உண்டு. பல தேசத்தவர் சேர்ந்து தயாரித்து எல்லோரும் பயன்படுத்துவது. அதைப் புதுப்பித்தபோது ஒரு பக்கத்துக்குப் பழைய பட்டியலே தங்கிவிட்டிருக்கிறது. இன்னார் தவறு என்று சொல்ல ஆளில்லை. எத்தனையோ பேர் பார்த்தும் யார் கண்ணிலும் படாமல் அது அங்கேயே இருந்திருக்கிறது.

மறுநாள் பஸ் க்யூவில் மாட்டுங்காக்காரரிடம் சொன்னேன். அவர் ஜெயித்த மாதிரி சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அப்பாடா. நேக்கு ராத்தூக்கமே இல்லை. இன்டர்வியூ சமயத்துல உங்க டைம வேஸ்ட் பண்றேனோன்னு. வாங்கோ, சேந்து சரி பண்ணலாம்."

சொன்னபடி சேர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு அதனால் ஒரு பைசா லாபமில்லை. நாங்கள் புதிய பட்டியலைப் போட்டு, இரண்டு பக்கமும் ஒன்றாக வரும்வரை பார்த்து முடிப்பதற்குள் நேர்முகத்தேர்வு வந்துவிட்டது. நான் வெறுங்கையோடு போனேன்.

எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் நேரடியாகக் கேட்டார், எடை என்ன வந்திருக்கிறது என்று. தெரியாது என்றேன். ஏன் இன்னும் பெட்டியைத் திறக்கவில்லை என்றார். பழைய பட்டியலைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"சாவி என் கணவரிடம் இருக்கிறது. கேட்டேன், தர மாட்டேன் என்றுவிட்டார்."

அறை முழுவதும் சிரித்தது. பிறகு நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னேன், கெஞ்சியது உட்பட. வெளியே வந்தபோது வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். பட்டறையில் மச்சான் எனக்கு டீ சொன்னார். நான் அவரோடு மறுபடி பேச ஆரம்பித்திருந்தேன், ஆனால் மன்னிப்பு என்ற அளவுக்கு இன்னும் இறங்கவில்லை.

பெட்டி திறக்கும் நாள் வந்தது. எங்கள் அறையில் நானும் மாட்டுங்காக்காரரும். திரையில் வெவ்வேறு தேசத்திலிருந்து கூட்டாளிகள். பார்த்தால் மச்சான் அன்றைக்கென்று அம்பர்நாத்தில் இருந்தார். பக்கிள் செய்யும் ஃபேக்டரியில் சரக்குக் கோளாறு, போயே ஆக வேண்டியதாகிவிட்டது. போனிலிருந்தே தட்டுவதாகச் சொல்லி, நெட்வொர்க் கிடைக்கும் இடம் தேடி ஸ்டேஷனுக்கு வந்து பிளாட்பாரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். லிங்க் அனுப்பினேன். அவர் தட்டினார். சொல் பொருந்தவில்லை என்று திரையில் வந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. மறந்துவிட்டாரா? போன் போட்டேன்.

"மறக்கல, மறக்கல. இந்தப் போனு மொத எழுத்த தானா பெருசாக்கிடுது. இரு."

மறுபடி தட்டினார். அவருக்குப் பின்னால் ஏதோ ஒரு ஃபாஸ்ட் ரயில் போகும் சத்தம் கேட்டது. பெட்டி திறந்தது.

எண் வந்தது. மற்றவர்கள் அளந்த எடைக்குச் சற்றுத் தள்ளி, ஆனால் சண்டைக்கு இழுக்காத தூரத்தில் இருந்தது. திரையில் கைதட்டினார்கள். நான் கைதட்டவில்லை, உட்கார்ந்துவிட்டேன். மாட்டுங்காக்காரர் கைதட்டிவிட்டு, அவருடைய புத்தி சும்மா இருக்குமா, பழைய பட்டியலோடு இருந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று போட்டுப்பார்த்தார். போட்டவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

மற்றவர்கள் அளந்த எடைகளுக்கெல்லாம் நட்டநடுவில் வந்து உட்கார்ந்திருந்தது அந்தத் தவறான எண். அதைவிட அழகான விடையை யாரும் கேட்க முடியாது. அன்றைக்குப் பட்டறையில் மச்சான் அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் நான் இதைத்தான் பார்த்திருப்பேன். பார்த்துச் சந்தோஷத்தில் குதித்திருப்பேன். இரண்டு பக்கத்தையும் பிரித்துப் பார் என்றவரைச் சண்டை போட்டு விரட்டியிருப்பேன்.

"இதக் காட்டியிருந்தேள்னா, நானே சரின்னு சொல்லியிருப்பேன்" என்றார் மாட்டுங்காக்காரர்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி என்றேன். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "பரவால்லை, பரவால்லை" என்று கையை மெதுவாக உருவிக்கொண்டார். அந்த வேலை எனக்கே கிடைத்தது என்ற கடிதம் பிறகுதான் வந்தது. ஆனால் எனக்கு அன்றைக்கே மனசு நிறைந்துவிட்டது. சரியாகச் செய்தோம் என்ற நிறைவு ஒரு பங்கு என்றால், என்னைத் தவறு செய்யவிடாத இரண்டு பேர் எனக்கு வாய்த்தார்களே என்ற நிறைவு அதைவிடப் பெரிது.

வராந்தாவுக்கு வந்து மச்சானுக்குப் போன் போட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். பிறகு, "நல்லவேள மச்சான், அன்னைக்கு நீங்க சொல்லல" என்றேன்.

"அழுதுட்டிருக்கியா?"

"இல்ல. இப்பவாவது சொல்லுங்க, என்ன வார்த்தை அது?"

"அதான் தெனமும் அனுப்புதேனே."

"என்னத்த அனுப்புதீங்க?"

"மத்தியானம் அனுப்புதேன்ல? அதேதான். மறந்துடக் கூடாதுல்ல, அதான் தெனம் அடிக்குததையே வச்சேன். நீ அத ஒழுங்கா பாக்கவே மாட்டேன்னு தெரியும், பயமில்ல." சொல்லிவிட்டுச் சிரித்தார். ரயில் வருகிறது என்று வைத்துவிட்டார்.

போனைத் திறந்து பார்த்தேன். விரலால் மேலே தள்ளத் தள்ள அந்த ஒரே சொல் வரிசையாக வந்துகொண்டிருந்தது. நான் பேசாமலிருந்த நாட்களிலும் இருந்தது. பெட்டியின் சாவியை அவர் தினமும் மத்தியானம் என் கையிலேயே கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைய மெசேஜும் வந்து கிடந்தது, பெட்டி திறக்கும் பரபரப்பில் நான் பார்க்காத மெசேஜ். கேன்டீனில் மிச்சமிருந்த சாதத்தையும் பருப்பையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சாப்பிட்டேன், நீங்கள் சாப்பிட்டீர்களா என்று அவர் தட்டும் அதே விதத்தில் ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பினேன். நான் அவரை அப்படிக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பதில் வந்தது.

இன்னும் இல்லை, எங்கே வார்த்தையைத் தப்பாக அடித்துவிடுவேனோ என்ற பயத்தில் காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை, இனிமேல்தான் சாப்பிட வேண்டும் என்று எழுதியிருந்தார்.